மேற்கணக்குப் பாதையும் எங்கள் அக்காவும்

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவரிடம் வளர்ந்தவர்கள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில், அக்காவின் மடியில் தூங்கி எழுந்தவர்கள். உங்களுக்குத் தெரியாத அக்காவைப் பற்றி நான் எழுதிவிடப் போவதில்லை. தங்கை என்ற முறையில், கூட இருந்து கண்டதை எழுதுகிறேன்.

றக்வானைக்கு மேலே, இந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், வரிசை வீடுகளான லயத்தில் அக்கா பிறந்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை. அம்மா கொழுந்து பறித்தார். நான்கு பிள்ளைகளில் அக்காதான் மூத்தவர். அம்மாவுக்கு இழுப்பு நோய் வந்ததும் ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. அதன்பிறகு எங்களைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அக்கா கொழுந்து பறிக்க மலைக்குப் போவார். நான் இன்று ஓர் ஆசிரியையாக இருந்து இதை எழுதுகிறேன் என்றால் அது அவர் எனக்கு விட்டுக்கொடுத்த படிப்பு.

அத்தான் மேற்கணக்கைச் சேர்ந்தவர். அக்கா கல்யாணமாகிப் போன காலத்தில் அங்கே வாகனம் போகாது. லொறி ஸ்டோர் வரைதான் வரும். அதற்கு மேலே தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, குறுக்கே ஓர் ஓடை. அரிசியும் மாவும் தலைச்சுமையாகத்தான் ஏறும். நோயாளிகளைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டித் தூக்கி இறக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். அக்காவின் மூத்த மகள் சாந்திக்கு அப்போது நான்கு வயது. காய்ச்சல் முற்றிச் சன்னி கண்டுவிட்டது. ஓடை பெருகி மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. அத்தான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். அவரும் அக்காவும் காட்டோரமாகச் சுற்றி இறங்கினார்கள். ஆள் ஓடி வந்து முன்னதாகவே சொல்லியிருந்ததால் ஸ்டோரடியில் லொறி தயாராக நின்றது. பிள்ளையை ஏற்றும்போது உடம்பு சில்லிட்டிருந்தது. அக்கா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சாரதியைப் பார்த்து, "இங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு எம்புட்டு நேரங்க?" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாந்தியை மேற்கணக்கு மயானத்தில், சரிவின் கீழ்வரிசையில் அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகுதான் அக்கா பிள்ளைக்காம்பரா வேலையைக் கேட்டு வாங்கினார். ஒரு மகன் பிறந்தான். அக்கா சிரித்தார், பேசினார், எல்லார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முன்னால் நின்றார். ஆனால் மழை இறங்கினால் வாசலில் வந்து நின்று ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

பாதை வேண்டும் என்று அவர் கேட்காத ஆளில்லை. ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் அதையே கேட்டார். மலைக்கு அந்தப்புறத்துச் சிங்களக் கிராமத்தாருக்கும் அதே கஷ்டம்தான். அவர்களுடன் சிங்களத்தில் சரளமாகப் பேசக்கூடியவர் அக்கா. இரு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து பிரதேச சபைக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடியும் போனார்கள். இப்படியே வருஷங்கள் போய், கடைசியில் பாதைக்கு அனுமதி கிடைத்தது.

அளக்க வந்த ஓவர்சியர் யாழ்ப்பாணத்துக்காரர். போரால் ஊருக்குப் போக முடியாமல் இரத்தினபுரியில் தங்கியிருந்தவர், பதமாகப் பேசுவார். அவர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார்: பாதை மயானத்தின் கீழ்வரிசை வழியாகத்தான் போக வேண்டும்.

கோயில் முன்றிலில் கூட்டம் கூடியது. பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். செத்தவர்கள் மேலே லொறி ஓடுவதற்கா இத்தனை வருஷம் அலைந்தோம் என்று கேட்டார்கள். பாதையே வேண்டாம் என்றும் சிலர் சொன்னார்கள். ஓவர்சியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேலால வெட்டினா மலை இறங்கிடும். கீழால ஓடை. எனக்கு வேற வழி தெரியேல்லை, ஐயா" என்றார்.

பெண்கள் பக்கமிருந்து அக்கா எழுந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அத்தானுக்கே தெரியாது.

"கீழ்வரிசையில மொதல்ல கெடக்குறது எங்க சாந்திதாங்க. அங்கேருந்தே வெட்டுங்க. இன்னொரு புள்ளையக் கம்பளியில கட்டித் தூக்கிட்டு எறங்குறத என்னால பாக்க முடியாதுங்க."

அத்தான் எழுந்து வெளியே போனார். பல நாட்கள் அவர் அக்காவுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலை தொடங்கும் முன் கீழ்வரிசையில் இருந்தவர்களை எடுத்து மேலே அடக்கம் செய்வதென்று முடிவானது. பூசாரி பூசை செய்தார். அத்தான்தான் மண்வெட்டி பிடித்தார். மெதுவாக, விரலால் தோண்டுவதுபோலத் தோண்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஈர மண் பிள்ளையை முழுவதுமாக எடுத்துக்கொண்டிருந்தது. அக்கா குழிக்குள் இறங்கி, சேலைத் தலைப்பில் மண்ணை அள்ளி முடிந்துகொண்டார். "இம்புட்டுத்தானா" என்று ஒரு சொல். அத்தான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவரைக் கைபிடித்து மேலே ஏற்றினார். இருவரும் அன்றுதான் மறுபடியும் பேசிக்கொண்டார்கள்.

பாதை வந்தது. முதலில் கொழுந்து லொறி, பிறகு முச்சக்கர வண்டிகள், அப்புறம் காலையும் மாலையும் பஸ். பிள்ளைகள் றக்வானைக்குப் போய்ச் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தார்கள். நிறைமாதப் பெண்கள் உட்கார்ந்த நிலையில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அதே பாதையால் இளைஞர்கள் கொழும்புக்குக் கடை வேலைக்கும் இறங்கிப் போனார்கள்; அக்காவின் மகனும் போனான். லயத்தில் பூட்டிய வீடுகள் கூடின. அதற்காக அக்கா குறைபட்டுக்கொண்டதில்லை. சாந்தி கிடந்த அந்த வளைவில் நடக்கும்போது மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பஸ்ஸில் இருந்தாலும் கால் செருப்பிலிருந்து வெளியே வந்துவிடும்.

மார்பில் கட்டி இருப்பதை அக்கா வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. வலி பொறுக்காமல் என்னிடம் சொன்னபோது, உடனே கிளம்பு என்றேன். "ரோட்டுதான் இருக்கே. அடுத்த கெழம போனாப் போச்சு" என்றார். வழி இல்லாமல் தவித்தவருக்கு வழி இருப்பதே போதுமான ஆறுதலாகிவிட்டது போலும். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நோய் உடம்பெங்கும் பரவியிருந்தது.

கடைசி நாள் மாலையில் நான் கட்டிலருகே இருந்தேன். அக்கா கண்ணை மூடியபடி, "பஸ்ஸு போயிரும், நீ கெளம்பு" என்றார். காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். விடியும் முன்பே செய்தி வந்துவிட்டது.

வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து நின்ற முச்சக்கர வண்டிக்காரத் தம்பிக்கும், பந்தல் போட்ட மேற்கணக்கு இளைஞர்களுக்கும், சாவு வீட்டுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்த கிராமத்துப் பெண்களுக்கும், கொழும்பிலிருந்து மகனை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண். அக்கா கடைசியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று அவர்தான் எங்களிடம் சொன்னார். சிங்களம் அவ்வளவு நன்றாகத் தெரிந்த அக்கா அப்போது தமிழில் மட்டுமே பேசினாராம். அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பேசப் பேச "ஒவ், ஒவ்" என்று, ஆமாம் ஆமாம் என்று, முடியும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். அழுகையில் அவர் பெயரைக் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டோம். இந்த மலரை அவரால் படிக்கவும் முடியாது. உங்களில் யாராவது அவரை எங்கேயாவது கண்டால், எங்களுக்காக ஒருமுறை அவர் கையைப் பிடியுங்கள்.