முடிச்சுக்கு எதிர்நின்ற ஈயம்

இராஜபாளையத்தில், தென்காசிச் சாலையோரக் கீற்றுக் கொட்டகையில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பழுதுபார்த்து வந்த ஞானராஜ், வேலையினூடே கிறிஸ்தவ ஞானப்பாட்டு முணுமுணுப்பவர். சக்கரத்தைக் கையில் எடுத்தால் மட்டும் பாட்டு நின்றுவிடும். சுழலும் பொருளைக் கண்ணால் மட்டுமன்றிச் செவியாலும் காணவேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், பஞ்சு வியாபாரி சுப்புராஜின் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருளப்பசாமி வந்தான். நாள்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டிகளுக்குப் பஞ்சு மாதிரி கொண்டுசெல்வது அவன் வேலை.

"அண்ணாச்சி, முன்சக்கரம் காய்ச்சக்காரன் கணக்கா நடுங்குது. சாலையைச் செப்பனிட்டாங்கன்னு செத்த வெரசா போனா கையே மரத்துப் போவுது. மொதலாளி கிட்டச் சொன்னா, வண்டி நடுங்குதா நீ நடுங்குதியாங்காவ."

"ரெண்டையும் பாத்துருவோம். வண்டிய நிறுத்துலே."

ஞானராஜ் வண்டியின் முன்புறத்தைக் கட்டைமேல் ஏற்றிச் சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். அது ஓய்ந்து, சற்றே பின்னோக்கி ஊசலாடி நின்றது. மறுபடி சுழற்றினார். முன்பு அடியில் நின்ற இடமே மீண்டும் அடியில் வந்து நின்றது. அவ்விடத்தில், விளிம்பை ஒட்டி இரண்டு கம்பிகளைச் சேர்த்து, மஞ்சள் துணியில் முடிச்சொன்று கட்டப்பட்டிருந்தது.

"இது என்னலே?"

"சித்திரையில எம் பொஞ்சாதி அழகுத்தாய் கட்டுனது. ஒரு வருசம் நான் காயமில்லாம ஓட்டிட்டா அய்யனாருக்கு மூணு வெள்ளி ரூவாயாம். சட்டப்பையில வச்சுக்கிடுதேன்னேன். சாலையில ஓடுத சக்கரத்துலதான் கட்டணும்ன்னு நிக்கா. அவகிட்ட யாரு பேசி செயிக்க?"

ஞானராஜ் முறுவலித்தார். நோய் விளங்கிவிட்டது. மருந்துதான் விளங்கவில்லை. முடிச்சை அவிழ்த்துக் கைப்பிடியில் கட்டினால் வேலை நொடியில் முடியும். ஆனால் நேர்ந்து கட்டியதை நாள் நிறையுமுன் அவிழ்த்தல் ஆகாது. டயரைக் கழற்றி, அதன் கனத்த பக்கம் முடிச்சுக்கு எதிரே அமையும்படி திருப்பி மாட்டலாம். அதற்கு அரைநாள் செல்லும். அப்படியும் மூன்று வெள்ளியின் பாரத்துக்கு அது ஈடாகுமா என்பது ஐயம். எஞ்சியது ஒன்று: முடிச்சுக்கு நேர் எதிர்க் கம்பிகளில் காரீயக் கம்பியைச் சுற்றிச் சமன் செய்வது.

தம் மனைவி ஏசம்மாள் கட்டியதாயின் அவரே வெட்டியெறிந்திருப்பார். மாலையில் ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பார். பிறர் வழிபாட்டில் கைவைக்கும் உரிமை தமக்கில்லை என்று கருதினார். அக்கருத்தில் குற்றமில்லை. குற்றம் அதன்பின் வந்தது.

ஈயத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றினார், சுழற்றினார், சுற்றினார். முடிவில் சக்கரம் துலாக்கோல் போல், நிறுத்திய இடத்தில் நின்றது.

"சாமிக்கே எடைக்கல்லு போட்டுட்டீரே அண்ணாச்சி" என்று சிரித்தபடி இருளப்பசாமி ஏறிப்போனான். ஓராண்டு என்று அவன் சொன்னது ஞானராஜின் காதில் விழுந்திருந்தது. ஓராண்டு முடிந்து முடிச்சு அவிழ்ந்தால் ஈயமும் உடன் அவிழவேண்டும் என்பது மட்டும் அவர் நெஞ்சில் விழவில்லை.

வண்டி நீர்மேல் ஓடம்போல் சென்றது. நடுக்கத்துக்கு அஞ்சி மெல்லச் சென்ற கை, நாளடைவில் அவ்வச்சத்தை மறந்தது.

சித்திரையில் ஆண்டு நிறைந்தது. அழகுத்தாய் குளித்து, மஞ்சள்நீர் தெளித்து, முடிச்சை அவிழ்த்து எடுத்துக்கொண்டு உறவினருடன் அய்யனார் கோவிலுக்குப் புறப்பட்டாள். மாலையில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லி இருளப்பசாமி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினான். கண்மாய்க் கரையருகே, விரைந்த ஓட்டத்தில், முன்சக்கரம் உதறிற்று. வண்டி அவனைக் கல்லின்மேல் எறிந்தது. மலையடிவாரத்தில் அவள் காணிக்கை செலுத்திக்கொண்டிருந்த பொழுதில் அவன் உயிர் பிரிந்தது.

நொறுங்கிய வண்டியை ஞானராஜின் கொட்டகையில் கொண்டுவந்து போட்டார்கள். முடிச்சிருந்த இடம் வெறுமையாக இருந்தது. எதிரே ஈயம், அவர் சுற்றியது சுற்றியபடி, ஒரு புரிகூடத் தளராமல் இருந்தது. அதைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. அன்று கொட்டகையில் வேறு வேலை நடக்கவில்லை.

கருமாதி கழிந்து அழகுத்தாய் வந்தாள். அவிழ்க்கக்கூடாத நாழிகையில் அவிழ்த்தாள் என்று தெருவார் பேசியது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நான் ஒரு கொறையும் வைக்கல. நல்ல நேரம் பாத்துத்தான் அவுத்தேன். அந்த முடிச்சு இருந்த வரைக்கும் அவிய நல்லாத்தானே இருந்தாவ. நான் அவுத்ததுதான் கொன்னுட்டுதா?"

ஆண்டவன் சித்தம் என்று சொல்லியிருக்கலாம். ஊழ்வினை என்றாலும் அவள் நம்பியிருப்பாள். இரண்டும் நாவின் நுனிவரை வந்தன. அவற்றைச் சொன்னால் பழி அவள் தலையிலேயே நிற்கும் என்று ஞானராஜுக்குத் தெரிந்தது. எழுந்துபோய் அந்த ஈயத்தைக் கம்பியிலிருந்து கழற்றி வந்து அவள் முன் வைத்தார்.

"ஒன் முடிச்சுல குத்தமில்ல தாயி. அந்தக் கனத்துக்கு எதிரா நான் இதைச் சுத்தி வச்சேன். நீ அதை அவுத்ததும் இது ஒத்தையில நின்னு சக்கரத்தை உதறிட்டு. முடிச்சை அவுக்கையில இதையும் கழட்டணும்ன்னு ஒங்கிட்ட நான் சொல்லல. அவன்கிட்டயும் சொல்லல."

அவள் அழவில்லை. ஈயச் சுருளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இதையும் சேத்து அவுத்திருப்பனே" என்றாள். பின்பு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதன்பின்னும் ஞானராஜ் பல்லாண்டு சக்கரம் பார்த்தார். டயரைத் திருப்பி மாட்டியே சமன் செய்வார். அரைநாள் ஆனாலும் ஆகட்டும் என்பார். கம்பியில் எவரேனும் நேர்ச்சை முடிச்சு கட்டியிருந்தால் சமன் செய்யத் தொடங்கமாட்டார்.

"மொதல்ல கட்டுனவுகளைக் கூட்டிட்டு வாரும்."

"சக்கரம் பாக்கக் குடும்பத்தையே கூப்பிடுதாரே" என்று வந்தவர்கள் நகைப்பதுண்டு. முடிச்சைக் கட்டிய மனைவியோ தாயோ வந்து நிற்கும்வரை, ஞானராஜ் கழற்றிய சக்கரத்தை மடியில் சாய்த்தபடி காத்திருப்பார்.