வெட்டுவதற்கு முன் ஒரு சாட்சி

இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கியபடி, கதவை முதுகால் தள்ளிக்கொண்டு மக்பூல் அகமது கம்ப்யூட்டர் அறையிலிருந்து வெளியே வருகிறார். அவ்வளவுதான், ஆம்பூரின் அந்த ஷூ கம்பெனி நடைவழி நொடியில் காலியாகிவிடும். பேக்கிங் ஆட்கள் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்துகொள்வார்கள். சூப்பர்வைசருக்கு எங்கிருந்தோ போன் வந்துவிடும்.

"ஒரே நிமிஷம்ப்பா! ஒரு நம்பர் படிச்சா போதும், ஒரு சாட்சி வேணும்!"

கையைத் தூக்கி வைத்திருப்பது தற்காப்புக்கு. சாட்சி கிடைக்கும்வரை தன் விரல் கீபோர்டில் பட்டுவிடக் கூடாது என்று அவருக்கு அவரே போட்டுக்கொண்ட விலங்கு அது.

கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் துடைத்துத் தயார் செய்வதற்கு மக்பூல் சொந்தமாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் 'கத்தி' என்று பெயர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அலங்காரம் எதுவும் கிடையாது. "மவுஸுல ஒரு தட்டு தட்டினா இன்னா நடந்துச்சுன்னே தெரியாது. இங்க எழுதினதுதான் நடக்கும். தப்புன்னா, நான் எழுதின தப்பு" என்பார்.

தோல் வெட்டும் கூடத்திலிருந்து திருடிய யோசனை அது. அங்கே பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும்; அதனால் எந்தக் கையும் அடியில் மாட்டாது. அதற்கு முன்பே தோலில் உள்ள உண்ணிக்கடி, கொம்புக் கீறல் எல்லாவற்றையும் வெள்ளிப் பென்சிலால் வட்டம் போட்டிருப்பார்கள். வட்டத்துக்குள் கத்தி விழக் கூடாது. "தோலுக்கு ரெண்டு கை, டிஸ்க்குக்கு ரெண்டு ஆளு. ரெண்டுமே வெட்டினா ஒட்டாது" என்பது மக்பூலின் சித்தாந்தம்.

கத்தி முதலில் எந்த டிஸ்க் என்று கேட்கும். பிறகு ஒத்திகை: எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறேன் என்பதை மட்டும் எழுதிக் காட்டும். அடுத்தது, "பேக்கப் எடுத்தியா?" இதற்கு 'இன்ஷா அல்லா' என்று பதில் தட்டினால் கத்தி மூடிக்கொண்டுவிடும், பத்து நிமிடத்துக்குத் திறக்காது. இறைவன் நாடினால் இனிமேல்தான் எடுக்கப்போகிறான் என்று அர்த்தம். 'அல்ஹம்துலில்லா', அதாவது எடுத்தாயிற்று, இறைவனுக்கு நன்றி என்றால் மட்டுமே வழிவிடும். வாய்ப்பழக்கத்தில் மக்பூலே இரண்டு தடவை மாட்டி, கைகட்டிப் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார்.

"அதே கத்திய வீட்டுலயும் வைங்க. கேஸ் சிலிண்டர் புக் பண்ணீங்களான்னு கேட்டா மட்டும் இன்ஷா அல்லாவா?" என்பது அவர் மனைவி ஹஃப்ஸாவின் நிலுவைக் கோரிக்கை.

கடைசியில் வருவது சாட்சி. டிஸ்க்கின் மேல் உள்ள எண்ணை வேறொருவர் பார்த்துப் படிக்க வேண்டும்; முதலில் சொன்ன டிஸ்க்கின் எண்ணோடு அது பொருந்தினால்தான் கத்தி இறங்கும். போன தடவை வந்தவரையே மறுபடியும் கூட்டி வந்தால் கத்தி ஏற்காது. பழகிய சாட்சி பார்க்காமலே தலையாட்டும் என்பது மக்பூலின் பயம்.

பயத்துக்குக் காரணம் நவநீதன் மாஸ்டர். ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் அளவு வடிவம் வரைபவர். பதினொரு வருடங்களுக்கு முன்னால், அவர் வரைந்த முன்னூற்றுப் பன்னிரண்டு வடிவங்களை மக்பூல் ஒரே என்டரில் துடைத்துவிட்டார். டிஸ்க் மாறிப்போயிற்று. மாஸ்டர் திட்டவில்லை. அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் அத்தனையையும் திரும்ப வரைந்தார். ஆனால் அன்றோடு மக்பூலிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இருவரும் ஒரு முழ தூரத்தில் நின்றாலும், "ராஜம்மா, கம்ப்யூட்டர்காரர்கிட்ட சொல்லு, பிரிண்டர் ஓடல" என்பார். கூட்டிப் பெருக்கும் ராஜம்மாள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, "பிரிண்டர் ஓடலயாம், மாஸ்டர் ரொம்ப பேஜாரா இருக்காரு" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துச் சொல்வார்.

போன புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, மாஸ்டரின் டிஸ்க் நிரம்பி வழிந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் மூன்று மணிக்கு வருகிறார். அவருக்காகக் காலையிலிருந்து திருத்திய பதினான்கு வடிவங்கள் அதில் இருந்தன. புது டிஸ்க்கைத் தயார் செய்து அவற்றை மாற்றியாக வேண்டும். "இன்னொரு தபா போச்சுன்னா நான் பேரணாம்பட்டுக்கே போய்டறேன், ஆள விடுங்க" என்று மாஸ்டர் மேனேஜரிடம் சொன்னது கதவு வழியாக மக்பூலின் காதில் விழுந்தது.

பழையதும் புதியதும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரட்டைப் பிள்ளைகள். பழையதன்மேல் சிவப்புத் தோல் துண்டும் புதியதன்மேல் பச்சைத் தோல் துண்டும் ஒட்டி, அதனதன் எண்ணை வெள்ளிப் பென்சிலால் எழுதினார். மெஷினை அணைத்து, புதியதைச் செருகி, மறுபடி போட்டார். கத்தி எந்த டிஸ்க் என்று கேட்டது; மெஷினில் ஏற்கெனவே இருப்பது 'ஏ', புதிதாகச் செருகியது 'பி' என்ற வழக்கப்படி 'பி' என்று தட்டினார். பேக்கப் கேள்விக்கு, நேற்று ராத்திரி எடுத்ததை நினைத்து அல்ஹம்துலில்லா போட்டார். காலை வேலை அதில் இல்லையே என்று மனசு குறுகுறுத்தது. கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

ஓடி ஒளியக்கூட ஆள் இல்லை. கேன்டீனில் மாதாந்திரப் பிரியாணி. ராஜம்மாள் மட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"நான் வரட்டா பாய்?"

"போன தடவ நீதான் ராஜம்மா. கத்தி ஒத்துக்காது."

"அப்போ நான் இன்னா கள்ள சாட்சியா?" என்று முகத்தைத் திருப்பியவர், டிசைன் அறைக்குள் தலையை நீட்டினார். "மாஸ்டர், பாய் ஒரு நம்பர் படிக்கச் சொல்றாரு. எனக்கு பிரியாணி ஆறுது, நீங்களே பேசிக்கோங்க."

புரட்டாசி விரதத்தால் புளிசாதத்தோடு உட்கார்ந்திருந்த நவநீதன் மாஸ்டர், டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். சாட்சியின் பெயர் கேட்ட இடத்தில் மக்பூல் 'நவநீதன்' என்று தட்டினார்.

மாஸ்டர் பச்சைத் தோலைப் பார்த்துவிட்டுச் சுவரிடம் படித்தார். "ஏழு, எம், ரெண்டு, ஒம்போது."

மக்பூல் தட்டினார். திரையில் வந்தது: "இது வேற டிஸ்க்கு. கையெடு."

மணி ஒன்றேகால். மனுஷருக்குக் கண் மங்கிவிட்டதோ? வேண்டுமென்றே செய்கிறாரோ? கத்தியை எழுதியவர் மக்பூல்தான்; ஒரு சொல் சேர்த்தால் அது கேள்வியே கேட்காது. விரல் பாதி வழி போய்விட்டது. வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

"மாஸ்டர்... கண்ணாடி மாத்தி எவ்ளோ நாளாச்சு?"

மாஸ்டர் சுவரை விட்டுத் திரும்பினார். "இன்னா பாய், நான் தப்பா படிச்சேனா? தையல் அரை மில்லி தள்ளிப் போனா இங்கேர்ந்தே சொல்ற கண்ணு இது!"

பதினொரு வருடம் கழித்து நேருக்கு நேராக ஒரு வசவு. மக்பூலுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. விரல் தானாகக் கீபோர்டை விட்டு எழுந்தது.

"செவப்பையும் படிங்க மாஸ்டர்."

"நாலு, கே, ஒண்ணு, அஞ்சு."

தட்டினார். திரை குளிர்ந்துபோய்ச் சொன்னது: "சரியா இருக்கு. என்டர் தட்டு, வெட்டிடறேன்."

மாஸ்டரின் டிஸ்க்.

மக்பூலின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. மெஷின் வைக்கும் 'ஏ', 'பி' எல்லாம் காட்பாடி வண்டியின் ஜன்னல் சீட்டு மாதிரி, முந்தி உட்கார்ந்தவனுக்கு. மெஷினை அணைத்துப் போட்டதில் புதியது முந்திக்கொண்டு 'ஏ' ஆகிவிட்டது. பழையது 'பி'யில் வந்து உட்கார்ந்திருந்தது.

கத்தியை மூடி, முதலிலிருந்து தொடங்கினார்கள். வெட்டு விழாததால் அதே சாட்சியை அது ஏற்றுக்கொண்டது. இம்முறை 'ஏ'. பச்சை எண் பொருந்தியது. புது டிஸ்க் நான்கு நொடியில் தயாரானது. இரண்டரைக்குள் பதினான்கு வடிவங்களும் அதில் இறங்கின. மாஸ்டர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எண்ணி முடித்தார்.

மக்பூலின் கைகள் மறுபடியும் மேலே போயிருந்தன. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து வெள்ளிப் பென்சிலை எடுத்தார். அந்தக் கறுப்புக் கீபோர்டின் மேல் குனிந்து, உண்ணிக்கடிக்குப் போடுவதுபோல் நிதானமாக, என்டர் கீயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.