நாலாவது துளை

"உள்ளூர் வேலை"ன்னு ரெண்டே வார்த்தை எழுதி என் பெட்டியைக் கழிச்சுக் கட்டினாரு அந்த மனுஷன். கிராமபோன் பெட்டி. கரண்ட் வேணாம், சாவி கொடுத்தாப் பாடும், அந்தக் காலத்துச் சாமான். எங்க குழுவுல ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒண்ணாவது இருக்கும். பாட்டு கேக்குறதெல்லாம் எங்களுக்கு ரெண்டாம்பட்சம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஆனா இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்னு தோண்டிக்கிட்டே இருக்குற பைத்தியங்க நாங்க. பிரேக் கம்பி நேரா இருக்கா வளைஞ்சிருக்கா, மூடிக்குக் கீல் ரெண்டா மூணா, அடித்தகட்டுல எத்தனை திருகு, எல்லாத்தையும் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல போடுவோம். எது முதல்ல செஞ்சது, எது அப்புறம் செஞ்சதுன்னு மண்டைய உடைச்சுக்குவோம். "உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட நான் இவ்ளோ உத்துப் பார்க்கலடி"ன்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு. "பார்த்திருந்தா தப்பிச்சிருப்பீங்க"ன்னு நானும் விட மாட்டேன்.

கண்டுபிடிச்ச வித்தியாசத்தை எல்லாம் ஒரு பட்டியலா எழுதி வெச்சிருக்காரு ஒருத்தர். ரிட்டயர்டு ஆபீசர். பட்டியல்காரர்னே சொல்லிக்கிறேன். அவர் எழுதினா அது உண்டு, எழுதலைன்னா அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாது. அவருக்கு ஒரு கொள்கை. வழக்கத்துல இல்லாத எது கண்ணுல பட்டாலும், நம்மூர்ல எவனோ நோண்டிட்டான்னு முடிவு கட்டிடுவாரு. அதுல நியாயமும் இருக்கு, இல்லைங்கல. பத்துப் பெட்டிய உடைச்சு ஒரு பெட்டி பண்ணி, பழசுன்னு தலையில கட்டுறவங்க இங்க கணக்கில்லாம இருக்காங்க. அதுக்காக எல்லாரும் திருடனா?

நான் யாருன்னு சொல்லிடறேன். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பிரஸ் ஷாப்ல இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்ல, குவாலிட்டி. தகடு உள்ள போகும், மேலயிருந்து பஞ்ச் இறங்கும், துளையோட வெளிய வரும். அதைக் கட்டைவிரலால தடவிப் பார்த்து, அளந்து, சரியா இருந்தா சீல் வைக்கிறது என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் சீல் வெச்ச சரக்குன்னா ஒரு மரியாதை உண்டு. மேனேஜரே வந்து "கொஞ்சம் விட்டுக் கொடும்மா"ன்னு நின்னாலும் நடக்காது. எங்கிட்ட இருக்குற ஒரே சொத்து அந்தப் பேருதான்.

பெட்டி கிடைச்சது திருமழிசையில ஒரு காயலான் கடையில. கடைக்காரன் என்னைவிடச் சின்னவன், வாய் ஓயாது. "யக்கா, உன் பாட்டுப் பொட்டி ஒண்ணு வந்துகீது, சீக்கிரம் வந்து தூக்கினு போ"ன்னு போன் பண்ணான். ஞாயித்துக்கிழமை கள்ளிக்குப்பத்துல எங்க வீட்டுலயிருந்து ரெண்டு பஸ் மாறிப் போய்த் தூக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சுழல்தட்டை எடுத்து, மோட்டாரைத் தாங்குற இரும்புத் தகட்டைக் கழட்டித் தடவினேன். சுருக்குன்னு விரலைக் கீறிச்சு.

பிசிறு. தகட்டுல துளை அடிச்சா அடிப்பக்கம் துருத்திக்கிட்டு நிக்குமே, பிளேடு மாதிரி, அது. எங்க ஷாப்ல பிசிறோட ஒரு தகடு வெளிய போச்சுன்னா எனக்கு அன்னைக்குச் சோறு இறங்காது. கை தன்னால அரத்தை எடுத்துச்சு. கரகரன்னு நாலு ராவு. மழமழன்னு ஆயிடுச்சு. துடைச்சு வெச்சிட்டு நிமிர்ந்தப்பதான் உறைச்சுது. எல்லார் பெட்டியிலயும் இந்தத் தகட்டுக்கு மூணு துளைதான். இது நாலாவது. அதுல திருகும் இல்ல.

அட கிறுக்கி, எதை ராவினே நீன்னு என்னையே திட்டிக்கிட்டேன். ஆனாலும் சந்தோஷம் தாங்கல. போட்டோ எடுத்துக் குழுவுல போட்டேன். பட்டியல்காரர் அதைப் பெருசாக்கிப் பார்த்திருக்காரு. மறுநாள் சாயந்திரம் பதில் வந்துச்சு. "உள்ளூர் வேலை. புது அரத் தடம் தெரிகிறது. துளை சமீபத்தில் போடப்பட்டதாக இருக்கலாம்."

சமீபத்தில்னா? யாரு போட்டது? அந்தப் பெட்டி எங்கிட்ட வந்தே ரெண்டு நாள்தான் ஆச்சு. பட்டியல்ல இடம் புடிக்க நானே துளை போட்டுக்கிட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்றாரு. இருபது வருஷமா அடுத்தவன் தகட்டுல குத்தம் கண்டுபிடிச்சவளைப் பார்த்து, நீ போலின்னா எப்படி இருக்கும்? ராத்திரிச் சமையல் அன்னைக்கு வீட்டுக்காரர்தான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை குழு கூடுச்சு. நூம்பல்ல ஒரு ஃபிளாட், ஐ.டி.யில வேலை பார்க்குற ஒரு தம்பியோடது. வயர் கூடையில தகட்டை எடுத்துக்கிட்டேன். கூடவே எங்க ஷாப் கழிவுத் தொட்டியிலயிருந்து ரெண்டு துண்டுத் தகடு, கேட்டு வாங்கினது. ஒண்ணுல பஞ்ச் அடிச்ச துளை, ஒண்ணுல டிரில் போட்ட துளை. காப்பி வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன்.

"சார், ராவினது நான்தான். பிசிறு இருந்துச்சு, பழக்க தோஷத்துல ராவிட்டேன். துளை போட்டது நான் இல்ல. இப்ப கண்ணை மூடுங்க."

"எதுக்கும்மா?"

"மூடுங்க சார், கடிச்சிட மாட்டேன்."

பாவம், மூடினாரு. துண்டுத் தகடு ரெண்டையும் அவர் கட்டைவிரலுக்குக் கீழ மாத்தி மாத்தி வெச்சேன். "டிரில் போட்டா மேல்பக்கம் ஓரம் கூரா நிக்கும், உள்ள சுத்திச் சுத்திக் கோடு விழும். பஞ்ச் அடிச்சா மேல்பக்கம் தகடு உள்வாங்கி வளைஞ்சிருக்கும். தெரியுதா?" தலையாட்டினாரு. அப்புறம் என் பெட்டித் தகட்டை வெச்சேன். "இது எது?"

ரொம்ப நேரம் தடவினாரு. "வளைஞ்சிருக்கு"ன்னாரு.

"மத்த மூணு துளையையும் தொடுங்க. நாலும் ஒரே பக்கத்துலயிருந்து அடிபட்டிருக்கா? ரோட்டோரம் ரிப்பேர் பண்றவன் டிரில்தான் வெச்சிருப்பான். ஒத்தைத் துளைக்காக எவன் டை, அதான் அச்சு, செஞ்சு பிரஸ்ல ஏத்துவான்? திருகு உட்கார்ற மூணுக்கும் கம்பெனிக்காரனே பிசிறை எடுத்துட்டான். சும்மா கிடக்குற துளையை யாரு சீண்டுவா? அதான் என் விரலைக் கீறிச்சு. ஒரே டையை வெச்சு ரெண்டு மாடலுக்குத் தகடு அடிச்சிருக்கான், நாலாவது துளை இன்னொரு மாடலுக்கு. எங்க ஷாப்ல தினம் நடக்குற கதை சார் இது."

கண்ணைத் தொறந்து தகட்டை ஒருதடவை திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் நல்லவிதமாத்தான் சொன்னாரு. "நான் நம்புறேம்மா. பட்டியல்ல சேர்த்துடறேன். அரம் போட்ட விஷயத்தை மட்டும் விட்டுடலாம். அதைப் படிச்சா வெளியில யாரும் ஏத்துக்க மாட்டாங்க. பழைய போட்டோவையும் எடுத்துடுங்க."

நான் நினைச்சது நடந்துடுச்சு. சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்தத் தம்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி, ஒத்துக்கோங்கன்னு சைகை காட்டுது.

"மாட்டேன் சார்"னேன். "திருத்தி ரீவொர்க் பண்ணின சரக்குல ரீவொர்க் பண்ணினோம்னு எழுதாம நான் சீல் வெச்சதே இல்ல. என் தப்பையும் சேர்த்து எழுதுங்க."

"எழுதினா சந்தேகப் பக்கத்துலதான் போடணும். ஆதாரமா இருந்த பழைய பிசிறே அழிஞ்சிடுச்சே."

"போடுங்க. பொய்யா முன்பக்கத்துல இருக்குறதுக்கு, நிஜமா கடைசிப் பக்கத்துல இருந்துட்டுப் போறேன்."

அப்படித்தான் எழுதினாரு. கடைசிப் பக்கம், "உறுதியாகவில்லை"ங்கிற தலைப்புக்குக் கீழ, "பிசிறை உரிமையாளரே ராவிவிட்டார்"னு. பஸ்ல வர்றப்ப அழுகையா வந்துச்சு. கோபத்துல வர்ற அழுகை. ஆனா, சரின்னு சொல்லியிருக்கலாமோன்னு ஒரு நிமிஷம்கூடத் தோணல. இறங்கினதும் காயலான் கடைக்காரனுக்குப் போன் போட்டேன். மோட்டாரைத் தாங்குற தகட்டுல திருகு இல்லாம நாலாவதா ஒரு துளை இருந்தா உடனே கூப்பிடுன்னு சொல்லி வெச்சேன்.

மாசக்கணக்கா சத்தமே இல்ல. நானும் மறந்துட்ட மாதிரி இருந்தேன். போன வாரம் மத்தியானம், ஷாப்ல சாப்பிட உட்கார்ந்தேன், போன் அடிச்சுது.

"யக்கா, ஆவடிப் பக்கம் ஒரு ஊட்டக் காலி பண்ணாங்கோ. உன் பொட்டி மாதிரியே ஒண்ணு வந்துகீது. கழட்டிப் பாத்தேன், நாலு ஓட்டை கீது. அடில பிசிறு பிசிறா கீதுக்கா, கையக் கிழிக்குது. ராவி வெச்சிடவா?"

"டேய்!"னு நான் போட்ட கத்துல மொத்த ஷாப்பும் திரும்பிப் பார்த்துச்சு. "கைய வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்! அப்படியே வை!"

"இன்னாக்கா, நல்லதுதானே சொன்னேன்"னு அவன் முனகினான்.

அரை நாள் லீவு சொல்லிட்டு ஓடினேன். கடைக்காரன் தகட்டை நீட்டினான். துரு ஏறின பழைய தகடு. நாலாவது துளையோட பிசிறும் துரு ஏறித்தான் இருந்துச்சு, ஒரு அரமும் அதைத் தொட்டதில்ல. கட்டைவிரலை வெச்சு அழுத்தி இழுத்தேன். நல்லாவே கிழிச்சுது. "யக்கா, ரத்தம்!"னு பதறினவன்கிட்டயே போனைக் கொடுத்து, தகட்டையும் விரலையும் சேர்த்து போட்டோ எடுக்கச் சொன்னேன்.

பட்டியல்காரருக்கு அதை அனுப்பி, கீழ இப்படி எழுதினேன்: "சார், இன்னொரு பெட்டி. நாலாவது துளை, பிசிறு அப்படியே இருக்கு, யாரும் ராவல. இதுல ரத்தம் மட்டும்தான் உள்ளூர் வேலை."