மேனேஜருக்கு வராமல் போன அழைப்புகள்

என் முதல் கேள்விக்கு வந்த பதிலை நான் ஓடும் பேருந்தில் நின்றபடி படித்தேன். சித்தூரில் வேலை முடிந்து புத்தூர் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, மறு கையில் போன். திரையில் எங்கள் மேனேஜரின் பெயர், அதன் கீழே இப்படி எழுதியிருந்தது: "இதைக் கேட்பதற்கு முன் பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தைப் புரட்டவும். அது முடியாதென்றால் அம்மாவோடு பால் கறக்கப் போகலாம்." நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே சிரிக்கும் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. பிறகு அவர் அந்தக் கேள்வியை மூடிவிட்டார். மூடிய கேள்விக்கு வேறு எவரும் பதில் எழுத முடியாது.

என் அம்மா அடுத்தவர் வீட்டு மாடுகளைக் கூலிக்குக் கறப்பவள். நேர்காணலில் அவர் கேட்டதால் நானே சொன்ன விவரம் அது.

கிராமங்களில் பால் சேகரிக்கும் இடங்களில் பெரிய எஃகுத் தொட்டிகள் இருக்கும். ஊர்ப் பாலெல்லாம் அதில் ஊற்றப்பட்டு, லாரி வரும்வரை குளிர்ந்துகொண்டிருக்கும். அந்தத் தொட்டிகளைப் பழுது பார்ப்பதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். தலைமை அலுவலகம் திருப்பதியில், எங்கள் கிளை சித்தூரில். நான் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த சமயத்தில்தான் கம்பெனிக்குள் மட்டும் இயங்கும் கேள்வி-பதில் தளம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கேட்கலாம், தெரிந்தவர் எவரும் பதில் எழுதலாம், நல்ல பதிலுக்கு மற்றவர்கள் ஓட்டுப் போட்டு மேலே ஏற்றலாம். ஒரு தடவை எழுதிய பதில் எல்லோருக்கும் என்றைக்கும் அங்கேயே கிடைக்கும். தொட்டி சரியாகக் குளிராதபோது குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் நான் கேட்டது. வேலைக்கு வந்த புதிதில் யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்.

அன்றைக்குப் பிறகு எங்கள் கிளையில் யாரும் அந்தத் தளத்தில் வாய் திறக்கவில்லை. சந்தேகம் வந்தால் பழையபடி மேனேஜருக்குப் போன் செய்தார்கள். அவர் விரும்பியதும் அதைத்தான் என்று எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. அவர் மேசைமேல் இரண்டு போன்கள் எப்போதும் முகம் மேலே பார்க்கக் கிடக்கும். ஒன்று மாற்றி ஒன்று அடிக்கும். உடனே எடுக்கமாட்டார். கொஞ்சம் அடிக்கவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மொத்த அலுவலகமும் கேட்கும்படி திட்டிவிட்டுத்தான் வழி சொல்வார். வைத்த பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நான் ஒருத்தன் இல்லன்னா இந்த ஜில்லாவுல ஒரு சொட்டுப் பால் நிக்காது" என்பார். அவருக்கு வேலை நன்றாகத் தெரியும், அதை மறுக்கமாட்டேன். தெரிந்ததைத் தன்னிடம் கெஞ்சி வாங்க வேண்டும் என்பதுதான் அவருடைய சுகம்.

வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து வந்து ஒரு மெக்கானிக் எங்களோடு வேலை பார்த்தார். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். கம்பெனியில் என்னோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட்ட முதல் ஆள் அவர்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். புது மாடல் தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்யப் போனவர், குளிர் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே கை விட்டார். பாலைக் கலக்கும் துடுப்புக்கு அந்த மாடலில் தனிச் சுவிட்ச். நின்றிருந்த துடுப்பு தானாகச் சுழன்றது. மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தையல் போட்டதும், எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரைப் புத்தூருக்கு எலும்புக் கட்டுப் போட அழைத்து வந்திருந்தார்கள். நான் பார்க்கப் போனேன். வலியில் முகம் வெளிறிப் போயிருந்தது. மருந்துக் கட்டின் பச்சிலை வாடைக்கு நடுவில் அவர் மெதுவாகச் சொன்னார்:

"அந்தச் சுவிட்ச அணைச்சா துடுப்பும் நின்னுடுமான்னு கேக்கலாம்னு போன்ல எழுதிக்கினேதான் இருந்தேன் பாப்பா. உனக்கு அந்தாளு எழுதினது ஞாபகம் வந்துச்சி. எனக்கு எட்டாங்கிளாஸ்தான். என்னென்ன எழுதுவானோன்னு அழிச்சிட்டேன்."

விசாரணைக்குத் திருப்பதியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். மேனேஜர் கொஞ்சமும் பதறாமல், "தெரியலன்னா கேட்டிருக்கணும் மேடம். கேக்கறதுக்குத்தானே அந்த சைட்டே வச்சிருக்குது" என்றார். நான் கதவருகே நின்றிருந்தேன். பேருந்தில் படித்த வரிக்கு அழுதவள்தான் நான். இந்த வரிக்கு அழுகை வரவில்லை. இந்த ஆளிடமிருந்து எதைப் பிடுங்கினால் இவருக்கு உயிர் போகிற மாதிரி வலிக்கும் என்று அங்கேயே நின்று யோசித்தேன். மேசைமேல் போன் அடித்தது. பதில் கிடைத்துவிட்டது.

புகார் கொடுப்பதைப் பற்றியும் யோசித்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுப்பார்கள். மறுநாள் போன் வழக்கம்போல அடிக்கும். அது எனக்குப் போதாது.

மெக்கானிக்குகள் கேட்கப் பயந்த கேள்விகளையெல்லாம் என் பெயரில் நானே கேட்க ஆரம்பித்தேன். டீக்கடையில் வாயைக் கிளறி அவர்களுடைய சந்தேகங்களைப் பிடித்துக்கொள்வேன். தளத்தில் கேள்வியைப் போடுவேன். பிறகு மெஷின் செய்த கம்பெனிக்காரர்களிடம் கேட்டும், தொட்டியைத் திறந்து பார்த்தும், தெரிந்துகொண்டதைப் படத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் பதிலாக எழுதுவேன். முதலில் போட்டது அந்தத் துடுப்புச் சுவிட்சைப் பற்றித்தான். மேனேஜர் மறுபடியும் கிண்டலாக எழுதினார், கேள்விகளை மூடினார். மூடியதை மேடத்துக்கு அனுப்பி, இது ஏன் மூடப்பட்டது என்று மட்டும் பணிவாகக் கேட்டேன். இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு, கேள்வியை மூடும் அதிகாரத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பயம் மெல்ல விட்டது. ஒருவர் கேட்டார், இன்னொருவர் பதில் எழுதினார், ஓட்டு விழுந்தது. கட்டுப் போட்ட கையோடு அண்ணாவும் இடது விரலால் எழுதினார்.

என் மேசை மேனேஜரின் அறைக்கு எதிரே இருந்தது என் அதிர்ஷ்டம். அவருடைய போன்கள் அடங்கிப்போவதை நான் பக்கத்திலிருந்து ரசித்தேன். காலையில் அடிக்கும் அழைப்புகள் முதலில் குறைந்தன. பிறகு மதியத்தில் ஒன்று, சாயங்காலத்தில் ஒன்று என்றாயின. அவர் போனை எடுத்துத் திரையைத் துடைத்துவிட்டு வைப்பார். சிக்னல் இல்லையோ என்று ஜன்னல் பக்கம் நகர்த்துவார். பின்பு அவரே மெக்கானிக்குகளைக் கூப்பிட ஆரம்பித்தார். "என்னப்பா, ஏதாச்சும் டவுட்டா?" என்று ஸ்பீக்கரில் கேட்பார். "இல்ல சார், சைட்டுல பாத்துக்கினேன் சார்" என்று அந்தப் பக்கமிருந்து வரும். அம்மா காய்ச்சித் தரும் சீம்பால்கூட எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

அவரும் சில பதில்கள் எழுதிப் பார்த்தார். சரியான பதில்கள்தான். யாரும் ஓட்டுப் போடவில்லை. நானும் போடவில்லை. கடைசியில் அவரே கேட்டு வாங்கிக்கொண்டு திருப்பதிக்கு மாற்றலாகிப் போனார். உதிரிபாகக் கிடங்கு. அங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

இன்றைக்கு எங்கள் கிளையின் தளத்தை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். வயதான மனிதரை அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று ஒன்றிரண்டு பேர் என் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அண்ணா டீ கிளாஸை எடுப்பதைப் பார்த்ததில்லை. மணிக்கட்டு திரும்பாததால் முழங்கையைத் தூக்கித்தான் வாயருகே கொண்டுபோவார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், நான் செய்தது கொஞ்சம் குறைவோ என்றுதான் தோன்றுகிறது.

மேனேஜர் சித்தூரை விட்டுப் போன நாளில் எனக்குத் திருப்பதியில் ஒரு மீட்டிங் இருந்தது. கம்பெனி வண்டியில் இருவரும் ஒன்றாகப் போக வேண்டியதாயிற்று. அவர் முன் சீட்டில், நான் பின்னால். புத்தலப்பட்டு தாண்டும்வரை மடியில் கிடந்த இரண்டு போன்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாதி திரும்பி ஒரு போனை என்னிடம் நீட்டினார்.

"இது வேல செய்யுதா பாரும்மா. காலைலேர்ந்து ஒரு கால்கூட வர்ல. கடைசி நாளாச்சே, பசங்க பண்ணுவானுங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் அதை வாங்கிப் பார்த்தேன். சிக்னல் முழுதாக இருந்தது. சத்தம் உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, என் போனிலிருந்து அவர் நம்பருக்கு அடித்தேன். வண்டியே அதிரும்படி ஒலித்தது. ஒரு கணம் அவர் முகத்தில் பழைய களை வந்தது. முதுகு நிமிர்ந்தது. பிறகு திரையில் என் பெயரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது சார்" என்றேன்.