கனடாவிலிருந்து வந்த கல்யாணம்

அக்காவின் கல்யாணம் கனடாவில் நடந்து சில மாதங்கள் கழித்துத்தான் ஒட்டுசுட்டானில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கொழும்புக்குப் போய்வந்த மாமா அதை உடுக்கும் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு வீடியோ கசெட்.

ஊரில் மின்சாரம் இல்லை. டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் புதுக்குடியிருப்பிலிருந்து வாடகைக்கு வரவேண்டும். மண்ணெண்ணெய் கண்ணில் காணக் கிடைக்காத போர்க்காலம் அது. அயலவர்கள் ஆளுக்கொரு போத்தல் தந்தார்கள், கல்யாணம் முடிந்ததும் ஒரு சினிமாப் படம் போடவேண்டும் என்ற நிபந்தனையோடு. உண்மையைச் சொன்னால், நானும் அந்தப் படத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

அம்மா பட்டுச்சேலை உடுத்து, சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். பெண்ணைப் பெற்றவர் அல்லவா? வந்தவர்களும் சிரிக்காமல் சந்தனம் பூசிக்கொண்டு உள்ளே போனார்கள். குண்டுபோடும் விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாதபடி யன்னல்களைச் சாக்கால் மறைத்திருந்தோம்.

கசெட் ஓடியது. நாதஸ்வரம் கேட்டது. ஆனால் படம் கறுப்பு வெள்ளையில் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. ஒரு மாலை, ஒரு கை, பாதி முகம். அது அக்காவா, பக்கத்தில் நின்ற யாரோவா என்றே தெரியவில்லை.

டெக்குக்காரர் எதையெதையோ திருகிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கையை விரித்தார். "அக்கா, இது கனடா முறையில எடுத்த கொப்பி. எங்கட டெக்கில சரியா ஓடாது."

"பரவாயில்லைத் தம்பி. தாலி கட்டுற இடம் வரைக்கும் விடுங்கோ" என்றார் அம்மா.

மேளம் கெட்டியாக ஒலித்தபோது அம்மா எழுந்து, உருண்டுகொண்டிருந்த திரையை நோக்கி அட்சதை தூவினார். பின்னாலிருந்து யாரோ, "எண்ணெய் முடியப்போகுது, படத்தைப் போடுங்கோ" என்றார்கள். நான் மனதுக்குள் அவர்களை வாழ்த்தினேன்.

சினிமாப் படம் பளிச்சென்று, அத்தனை நிறங்களோடும் வந்தது. அதை நாடு நாடாக விற்க நினைத்தவர்கள் அந்தந்த நாட்டு டெக்குக்கு ஏற்றபடி கொப்பி போட்டிருந்தார்கள். அக்காவின் கல்யாணத்தை யாரும் விற்க நினைக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிற்காலத்தில் விளங்கியது.

படத்தில் கதாநாயகிக்குக் கல்யாணம் நடந்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய காதருகே குனிந்தேன்.

"உது சும்மா நடிப்பணை, அம்மா."

"ஓம் பிள்ளை, தெரியும்" என்றார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "கூறைச்சேலை நல்ல சிவப்பு, என்ன? அக்காவின்ரயும் இப்பிடித்தான் இருந்திருக்கும்."

அடுத்தது சண்டைக் காட்சி. அதற்கும் அம்மா அழுதுகொண்டுதான் இருந்தார். அம்மாவுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.