வார்டே வாய் திறக்கிற நேரம்

பசித்தால் அழக்கூடத் தெரியாதவர்களுக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் வார்டின் தொழில்.

ராயபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, குறைமாதக் குழந்தைகள் வார்டு. பிளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த எனக்கு இங்கே உதவியாள் வேலை. அம்மாக்களைக் கை கழுவ வைப்பேன், துண்டு மடிப்பேன், பாலாடையைக் கொதிக்க வைப்பேன். பாலாடை என்றால் சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். எனக்குப் பொறுமை சுத்தமாகக் கிடையாது. சோற்றுக் கிண்ணத்தோடு பிள்ளைக்குப் பின்னால் ஓடிக் களைத்தவர்களே, உங்கள் பிள்ளை ஓடவாவது ஓடுகிறது. எங்களுடையது கண்ணையே திறக்காது.

தூக்கத்தில் குடிக்கிறவள்

கல்பனா அக்காவுக்கு முகத்துவாரக்குப்பம். அவங்க மகள் அவசரப்பட்டு முன்னாடியே வந்துவிட்டாள். பால் அவளுக்கு மூக்கில் போட்ட குழாய் வழியாக வயிற்றுக்குப் போகும். உறிஞ்சணும், விழுங்கணும், நடுவில் மூச்சும் விடணும். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால்தான் குழாயை எடுப்பார்கள். குழாயை எடுத்தால்தான் வீடு. அக்கா தினமும் காலையில் கேட்பது ஒன்றே ஒன்று: "இன்னிக்கு வூட்டுக்கா?"

மத்தியானம் வார்டு தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி ஆகிவிடும். கதகதப்பு, பச்சை விளக்கு, எங்கேயோ கப்பல் சங்கு. அந்த நேரத்தில் அவள் தூக்கத்திலேயே உதட்டைக் குவித்துச் சப்புவாள். ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு சொட்டுப் பாலை உதட்டில் வைத்தார். நாக்கு வெளியே வந்தது, யோசித்தது, உள்ளே போனது. அப்புறம் கண் விழித்தாள், சப்புவதை நிறுத்திவிட்டாள். அக்கா என் காதில் சொன்னாங்க:

"கனவுல சோக்கா குடிச்சினு இருந்தா தங்கச்சி, முழிச்சதும் மறந்து பூட்டா."

ரோஸ் பவுடர்

குழாயில் பால் இறங்கும்போதே குழந்தை அம்மா மார்பில் வாய் வைத்திருக்க வேண்டும். வாய் அசைந்தால் வயிறு நிறையும் என்று அப்போதுதான் அதற்குப் புரியுமாம். முதல் நாள் கல்பனா அக்கா கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி வந்து நின்றாங்க. தலையில் முல்லை, கழுத்து முழுக்க ரோஸ் பவுடர். மகளை நெஞ்சோடு சேர்க்கப் போகிற முதல் நாள், கலீஜாகவா வருவாங்க?

மகள் தும்மினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாசனையெல்லாம் வேண்டாம்மா, அவளுக்கு உன்னைத்தான் தெரியும்" என்று சிஸ்டர் ஈரத்துணி கொடுத்தார். துடைத்த பிறகு அந்தக் குட்டி மூக்கு மெல்ல மெல்லத் தேடியது, ஓரிடத்தில் நின்றது. குடிக்கவில்லை. சும்மா வாயை வைத்துக்கொண்டு கிடந்தாள். அதற்கே அக்கா முகம் மலர்ந்துவிட்டது.

"நிமிர்ந்து உக்கார வழியில்ல, அதுக்குள்ள மாமியா மாரி என் பவுடரக் கொற சொல்றா பாரு!"

அப்பாவின் பாலாடை

அப்பா தேசிங்கு அண்ணன், கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். ஒருநாள் அக்கா அசந்து தூங்க, சிஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டு பாலாடையை அவர் கையில் கொடுத்தார். ஒரு வாய் போனது. விழுங்கியவள் மூச்சு விட மறந்துவிட்டாள். உதடு கறுத்தது, மெஷின் கத்தியது. சிஸ்டர் அவளை நிமிர்த்தி முதுகைத் தடவ, மூச்சு திரும்பி வந்தது.

அப்புறம் அண்ணன் அசையவே இல்லை. அவள் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அது கடலைப் பார்க்கிற பார்வை. எனக்குக் கை பரபரத்தது. "இப்ப நல்லாத்தானே இருக்கா, அடுத்த வாய் குடுங்கண்ணா" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஹார்பர் கேட்டாண்ட நாள் முச்சூடும் வண்டிய நிறுத்திக்கினு கெடக்கறவன் நானு, எங்கிட்டயா அவசரம் காட்டற?"

எடை ஏறாத காலை

ஒரு காலையில் எடை ஏறவில்லை. இறங்கியிருந்தது. வாயால் குடிக்கிற முயற்சியிலேயே களைத்துப் போகிறாள், குழாய் இன்னும் இருக்கட்டும் என்றார் டாக்டர். கல்பனா அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாங்க. வீடு பற்றி அன்றைக்குக் கேட்கவில்லை. எதையாவது சொல்லித் தேற்றுங்கள் என்று சிஸ்டரிடம் ஜாடை காட்டினேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அழாதன்னு சொல்ல மாட்டேன், அழுதுட்டு வா, நான் பிள்ளையப் பாத்துக்கிடுதேன்."

அவளே எடுத்த முடிவு

கொஞ்ச நாள் கழித்து, பிளாஸ்திரியோடு குழாயை அவளே பிடுங்கிவிட்டாள். ஒன்றும் ஒட்டாத அந்த முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. உதட்டுக்கு மேல் ஒரு மச்சம் இருந்தது! சிஸ்டர் புதுக் குழாயை எடுக்க, "ஒரே ஒரு தபா விட்டுப் பாக்கலாம் சிஸ்டர்" என்று கல்பனா அக்கா கையைப் பிடித்துக்கொண்டாங்க. சிஸ்டர் டாக்டரைக் கேட்டார். டாக்டர் சரி என்றார்.

மார்பில் போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்தும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாடை அசைந்தது, தொண்டை அசைந்தது, மூச்சு வந்தது. மறுபடியும் அதே மாதிரி. சிஸ்டர் வாய், தேசிங்கு அண்ணன் வாய், என் வாய், எல்லாம் அவளோடு சேர்ந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. திடீரென்று வேகம் பிடித்தாள், புரையேறியது. கல்பனா அக்கா அவளை விலக்கித் தட்டிக்கொடுத்து, கண்ணீர் ஓட ஓடத் திட்டினாங்க:

"மெதுவாடி, உன் பங்க யாரு புடுங்கிக்கப் போறா?"

குடி, குடி என்று கெஞ்சுவோம், குடிக்க ஆரம்பித்ததும் மெதுவாகக் குடி என்று திட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், எங்கள் தொழில் அவ்வளவுதான்.