மருமகள் வைத்த கொட்டு

வில்லாபுரம் மத்தியானப் பள்ளிக்கூடத்தில் எட்டு வயதுச் சிறுமிகளோடு சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாத நானும் என் மருமகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கிறோம்.

இன்று டீச்சரம்மா, "ஏழெட்டு எவ்வளவு?" என்றார்.

"ஐம்பத்து நாலு" என்றேன்.

மருமகள் மெதுவாக, "ஐம்பத்தாறு" என்றாள்.

தப்பாகச் சொன்னவர் தலையில், சரியாகச் சொன்னவர் கொட்ட வேண்டும். அது வகுப்புச் சட்டம்.

மருமகள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர், இவுக எங்க அத்தை."

"இங்க மாமியாரும் இல்ல, மருமகளும் இல்ல. கொட்டு!"

"சும்மா கொட்டு தாயி, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றேன் பெருந்தன்மையாக.

என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "நல்லா இரு" என்று சொல்லி முடிக்குமுன் ணங்கென்று விழுந்தது.

மூன்று மாதமாக அவள் குழம்பை நான் குறை சொன்னதெல்லாம் அந்த ஒரு கொட்டில் இருந்தது.

மாமியார்மாரே, ஏழாம் வாய்ப்பாடு தெரிந்தவர்கள் நாளை மத்தியானத்துக்குள் சொல்லி அனுப்புங்கள்.